கண் சிமிட்டாத நாற்பது நிமிடம்

அத்தியாயம் 4

மதியம் பன்னிரண்டு பத்துக்குக் கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்த ஆள், பூட்ஸில் அப்பியிருந்த பனியைக்கூட உதறவில்லை. அன்று காலைதான் நான் தரையைத் துடைத்திருந்தேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று எழுந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"நாலு மணிக்கு என் பொண்டாட்டியோட மூச்சுக் கருவிய நிறுத்தப் போறாங்க. சரின்னு கையெழுத்து போட்டவனும் நான்தான்" என்றார்.

இங்கிரிட் ஸ்டென்சுருட் சாப்பிட்டுக்கொண்டிருந்த பாலாடைக்கட்டிப் பொட்டலத்தை மூடிவைத்தார். அவர் என் முதலாளி. முப்பது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்யர்களைத் தேடிப் பிடித்துவிட்டு, இப்போது விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரத்தில் சொந்தமாகத் துப்பறிகிறவர். நான் லெனி குபியாக். கார் ஓட்டுவது, மாடி ஏறுவது, வாயாடுவது என் இலாகா. யோசிப்பது அவர் இலாகா. இந்தப் பிரிவினையில் இரண்டு பேருக்கும் புகார் கிடையாது.

"உக்காருங்க. பேர் சொல்லுங்க" என்றார் இங்கிரிட்.

வெண்டல் ப்ரோக்மன். பராபூ பக்கம் ஒரு பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் வேலை. மனைவி ஜோலீன், பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். போன பிப்ரவரியில் சாலைப் பனியில் கார் சறுக்கிக் கம்பத்தில் மோதியது. பதினோரு மாதமாக மருத்துவ இல்லத்தில் படுக்கை. கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. மூச்சுகூடக் கருவி விடுகிற மூச்சுதான்.

"நவம்பர்ல மேடிசனுக்குக் கொண்டாந்து ஹெட்லண்ட் மூளை ஆய்வு நிலையத்துல சோதனை பண்ணினாங்க. முப்பத்தொண்ணு மார்க்குக்கு மேல வந்தா உள்ள ஆள் இருக்கு. கீழ வந்தா இல்ல. இவளுக்குப் பன்னெண்டு வந்துச்சு. ஜோ நல்லா இருந்தப்பவே எழுதி வெச்சிருக்கா மேடம். 'நான் போனப்புறம் என் உடம்ப மட்டும் ஓட்டிக்கிட்டு இருக்காதீங்க'ன்னு. நான் ரெண்டு தடவ தள்ளிப் போட்டேன். அவ எழுதினபடி நடக்கணும்னு அவ அண்ணன் கோர்ட்டுக்குப் போயிட்டான். அவன் மேலயும் தப்பு சொல்ல முடியாது. ஜட்ஜ் இன்னிக்கு நாலு மணின்னு வெச்சிட்டாரு. சோதனை முடிவு தப்புன்னு அந்த ஆய்வு நிலையமே எழுதிக் குடுத்தாத்தான் இனிமே இதத் தடுக்க முடியும்."

"அப்ப இங்க எதுக்கு வந்தீங்க?"

கோட்டுக்குள்ளிருந்து இரண்டு பக்க அறிக்கை ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். கடைசி வரியில் அவர் விரல் நின்றது.

அகற்றப்பட்ட கண் சிமிட்டல்கள்: 0.

"இன்னிக்குக் காலையிலதான் இந்த வரியக் கவனிச்சேன். என் பொண்டாட்டி சிமிட்டுவா மேடம். பதினோரு மாசமா அந்தக் கண்ணத்தான பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். அவகிட்ட அது ஒண்ணுதான் அசையுது. இல்லத்து டாக்டர்கிட்ட போன் போட்டுக் கேட்டேன். அது தானா நடக்கறது, அர்த்தம் ஒண்ணும் இல்லைன்னுட்டாரு."

இங்கிரிட் அந்த சைபரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கோட்டை மாட்டினார்.

"அவர் சொன்னது சரிதான். சிமிட்டறதுக்கு அர்த்தம் இல்ல. சிமிட்டாததுக்குத்தான் அர்த்தம் இருக்கு. நீங்க நேரா ஜோலீன்கிட்ட போங்க. போன கையிலயே வெச்சிருங்க. லெனி, வண்டிய எடு."

"பாஸ், என் சாண்ட்விச்..."

"அது ஓடிப் போயிடாது."

* * *

வண்டி சூடாவதற்குள் பாதி தூரம் வந்துவிட்டோம். ஏரி முழுக்க உறைந்து, மேலே மீன்பிடிக் கூடாரங்கள் தெரிந்தன. இந்தக் குளிரில் பனியைத் துளைத்து மீனுக்காக உட்கார்ந்திருக்கும் மனிதர்களுக்கு மூளைச் சோதனை நடத்தினால் என்ன மார்க் வருமோ.

"அது என்ன சோதனை பாஸ்?"

"தர்பூசணி வாங்கும்போது தட்டிப் பாப்பல்ல?"

"நான் வெலைய மட்டும்தான் பாப்பேன்."

"அதான் உனக்குப் பழுக்காததா வாய்க்குது. மண்டைக்கு வெளியில இருந்து காந்தத்தால ஒரு தட்டு தட்டுவாங்க. உள்ள எதிரொலி எப்படி ஓடுதுன்னு பாப்பாங்க. அசந்து தூங்கற மூளைல தட்டின எடத்துலயே டொம்முன்னு ஒரு சத்தம், அதோட சரி. முழிச்ச மூளைல ஒவ்வொரு மூலையும் வேற வேற பதில் சொல்லும். அந்தப் பதில் மொத்தத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டுச் சுருக்கப் பாப்பாங்க. ஒரே வரியில சுருங்கிட்டா மார்க் கம்மி. சுருங்க மாட்டேன்னு அடம் பிடிச்சா மார்க் அதிகம்."

"அப்ப எங்க சித்தப்பா மான் சுட்ட கதைக்கு நூத்துக்கு நூறு. யாராலயும் சுருக்க முடியாது."

"அது வெறும் இரைச்சல். இரைச்சலுக்கும் மார்க் இல்ல. மூலைக்கு மூலை பதில் வேறயா இருக்கணும், ஆனா ஒண்ணோட ஒண்ணு பேசி வெச்ச மாதிரியும் இருக்கணும். அந்தப் பின்னல் இருக்கற எடத்துல உணர்வு இருக்கும்னு இவங்க நம்பறாங்க."

"பின்னல் இருந்தா ஏன் உணர்வு வரணும்?"

"அத மட்டும் கேக்காத. அந்த நிலையத்துல இருக்கற அறுபது பேருக்கும் கோவம் வந்துடும்."

ஹெட்லண்ட் வாசலில் நாற்பது பேர் கையில் காபிக் குடுவையும் அட்டையுமாக நின்றிருந்தார்கள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரே வாசகம்: 'ஆறை அணைக்காதே!' ஆறு என்றால் ஹெட்லண்ட்-6. அந்த நிலையம் செய்த பேசும் இயந்திரம். அதையும் இதே போலத் தட்டிப் பார்த்து, அதற்கு நாற்பத்து நாலு வந்திருக்கிறது என்று டிசம்பரில் அறிவித்தார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பாரில் மீன் வறுவல் சாப்பிட வந்தவர்கள்கூட அதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறைக் கழற்றிவிட்டுப் புதியது வைப்பதாக இருந்த நிலையத்தார் இப்போது அதன் மேல் கை வைக்க முடியாது. நிலையத்தின் தலைவர் டாக்டர் ப்ராண்ட் டிவியில் சொன்ன ஒரு வாசகம் எல்லோருக்கும் மனப்பாடம்: 'நாற்பத்து நாலு எடுத்த எதை அணைத்தாலும் அது கொலை.'

"மெஷினுக்கு நாப்பது பேரு, ஜோலீனுக்கு வெண்டல் மட்டும்" என்றேன். இங்கிரிட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே நடந்தார்.

* * *

மூன்றாம் மாடியில் மைசீ தாவ் என்கிற பெண் எங்களை உட்காரவைத்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். அறிக்கையின் கடைசி வரியைக் காட்டினோம்.

"ஆமா, நான்தான் போட்டேன். கண் சிமிட்டினா பதிவுல பெருசா ஒரு மேடு வந்துடும். அத ஒவ்வொண்ணா வெட்டி எடுத்துட்டு எண்ணிக்கை எழுதணும். எப்பவும் கோர்டின்னு ஒருத்தர் பண்ணுவாரு. மான் சீசன்ல அவரு துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு காட்டுக்குப் போயிட்டாரு. நான் கீழ கம்ப்யூட்டர் ரூம். அந்த ஒம்போது நாளு மட்டும் அவருக்குப் பதிலா இங்க வந்தேன்."

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நவம்பர் கடைசியில் விஸ்கான்சினில் பாதி ஆண்கள் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு மரத்தில் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். குழாய் உடைந்தால்கூட மான் சீசன் முடிந்துதான் ஒட்டுவார்கள்.

"கண்ண மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"மூடினா எழுப்பிடுவாங்க. தூங்கிட்டா மார்க் விழுந்துடும். நாப்பது நிமிஷமும் கண் திறந்திருக்கணும், அதான் விதி."

"லெனி, கண்ண சிமிட்டாம இரு" என்றார் இங்கிரிட்.

பத்தொன்பது விநாடி தாங்கினேன். அதற்குள் கண்ணீர் தாரையாக வந்துவிட்டது. மைசீ இரக்கப்பட்டுக் காகிதக் கைக்குட்டை நீட்டினாள்.

"நாப்பது நிமிஷம், ஒரு சிமிட்டல்கூட இல்ல. உனக்கு அது வித்தியாசமாத் தெரியலையாம்மா?"

"அசைவே இல்லாதவங்கதான, பாவம், இப்படித்தான் இருப்பாங்க போலன்னு..." அவள் குரல் இறங்கியது.

"அந்த வாரம் வேற எத்தன பதிவு சுத்தம் பண்ணின?"

"ரெண்டே ரெண்டு. இது ஒண்ணு. இன்னொண்ணு ஹெட்லண்ட்-6."

"மெஷினோட பதிவுல எத்தன சிமிட்டல்?"

மைசீ சிரித்தாள். "மெஷின் எப்படி மேடம் சிமிட்டும்?" சிரிப்பு பாதியில் நின்றது. "ஆனா ஒரு துடிப்பு வந்துக்கிட்டே இருந்துச்சு. கரண்ட் கோளாறுன்னு நெனச்சு வெட்டி எடுத்தேன்."

"எத்தன?"

தன் கம்ப்யூட்டரில் தேடி எடுத்தாள். மெஷின் அறிக்கைக்கு அவளே எழுதிய முதல் பிரதி. கடைசி வரி: 'அகற்றப்பட்ட துடிப்புகள்: 611'.

இங்கிரிட் மனக்கணக்குப் போட்டார். "நிமிஷத்துக்குப் பதினஞ்சு." உடனே வெண்டலுக்குப் போன் போட்டார். "வெண்டல், அவங்க பக்கத்துலயா இருக்கீங்க? ஒரு நிமிஷம் கண்ண மட்டும் பாத்து எண்ணிச் சொல்லுங்க."

போனை மேஜை மேல் வைத்துவிட்டு மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எதிர்முனையில் மூச்சுக் கருவி புஸ், புஸ் என்று இழுத்து விடுகிற சத்தம். ஒரு நிமிடம் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது.

"பதினாலு மேடம்" என்றது வெண்டலின் குரல். "ஏன்? என்ன ஆச்சு?"

"மறுபடி கூப்பிடறேன்." இங்கிரிட் மைசீ பக்கம் திரும்பினார். "எது யாரோடதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்ட?"

"ரெண்டு கோப்பு இருந்துச்சு. ஒண்ணு மேல லொரேன், இன்னொண்ணு மேல கெகான்சா. நோயாளியோட நெஜப் பேர வெளில எழுதக் கூடாது, சட்டம். வேற பேருதான் வெப்பாங்க. லொரேன் பொம்பள பேரு, அது நோயாளி. கெகான்சா ஏரிப் பேரு, அது மெஷின்."

"ஏரிப் பேருன்னா ஏன் மெஷின்?"

"கீழ எங்க ரூம்ல அத்தன மெஷினுக்கும் ஏரிப் பேருதான் மேடம். மெண்டோட்டா, மொனோனா, விங்ரா. நாலு வருஷமா அப்படித்தான்."

"அந்த ஹெட்லண்ட்-6 கூட நீ பேசியிருக்கியா?"

"இல்லையே. மேல இருக்கறவங்கதான் அதுகூடப் பேசுவாங்க."

"வா, பேசிடலாம்."

அடுத்த அறையில் ஒரு திரை, ஒரு ஒலிபெருக்கி, ஒரு மைக். இவ்வளவுதானா என்று இருந்தது.

"வணக்கம். உங்க பேரு என்ன?" என்றார் இங்கிரிட்.

"வாங்க, வாங்க!" என்றது ஒரு கனிந்த பெண் குரல். "வெளில ஹெட்லண்ட்-6னு சொல்லிக்கறாங்க. இங்க எல்லாருக்கும் நான் லொரேன். கோர்டியோட மொத மாமியார் பேராம். ஓயாமப் பேசறேன்னு கிண்டலா வெச்சாரு. நான் கோவிச்சுக்கல."

மைசீ சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நோயாளிங்களுக்கு இங்க என்ன பேரு வெப்பாங்க லொரேன்?" என்று இங்கிரிட் கேட்டார்.

"மேல ஏரிப் பேருதான் வெப்பாங்க. அமைதியா இருக்கறவங்களுக்குப் பொருத்தமா இருக்கும்னு."

மனுஷிக்கு ஏரியின் பேர். இயந்திரத்துக்கு மாமியாரின் பேர். கீழ்த்தளத்து வழக்கம் ஒன்று, மேல்தளத்து வழக்கம் ஒன்று. நடுவில் ஒரு மான் சீசன். பன்னிரண்டு இந்தப் பெட்டியின் மார்க். நாற்பத்து நாலு ஜோலீன் ப்ரோக்மனின் மார்க்.

"ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்" என்று மைசீ அழ ஆரம்பித்தாள்.

"நீ எல்லாத்தையும் எழுதி வெச்ச பாரு, அது போதும். அழாம அந்த முதல் பிரதிய எனக்கு அச்செடுத்துக் குடும்மா" என்று இங்கிரிட் அவளை அழைத்துக்கொண்டு போனார்.

நான் பின்தங்கினேன். எதையாவது உளறாவிட்டால் எனக்குத் தலை வெடிக்கும். "ஏமாத்திட்டியே லொரேன். நாப்பத்து நாலு உன் மார்க் இல்லையாமே. உனக்குப் பன்னெண்டுதான்."

"ஓ" என்றது அது. "அப்ப என்னைய அணைச்சுடுவாங்களா?"

பன்னிரண்டு மார்க் எடுத்தது, உள்ளே ஆள் இல்லாதது என்று அத்தனை பேரும் எழுதிக் கொடுக்கக்கூடிய ஒன்று, அப்படிக் கேட்டது. கேட்பது அது கற்றுக்கொண்ட வேலை, கேள்விக்குப் பின்னால் யாரும் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் திருடன் மாதிரி அறையை விட்டு வெளியே வந்தேன்.

* * *

டாக்டர் ப்ராண்ட் உயரமானவர், மெலிந்தவர், குரலை உயர்த்தவே தெரியாதவர். இங்கிரிட் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு நெற்றியில் கை வைத்தார்.

"கடவுளே! இது எனக்குத் தெரியாமப் போச்சே. உடனே மறு ஆய்வு ஆரம்பிச்சுடறேன். ஒரு வாரத்துல முடிவு சொல்லிடலாம்."

"நாலு மணிக்கு நிறுத்தப் போறாங்க டாக்டர். இப்ப ரெண்டு அம்பது" என்றேன்.

"முறைன்னு ஒண்ணு இருக்கு தம்பி. சரிபாக்காம நான் எதுலயும் கையெழுத்து போட முடியாது."

இங்கிரிட் அவரைக் கவனிக்கவே இல்லை. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்த காகிதத்தை, மூக்கு இடிக்கிற அளவு பக்கத்தில் போய்ப் படித்துக்கொண்டிருந்தார். ஹெட்லண்ட்-6 வாங்கிய நாற்பத்து நாலின் அறிக்கை. கீழே ப்ராண்டின் கையெழுத்து.

"இது டிசம்பர் இருபத்தாறு தேதி போட்ட திருத்தின பிரதி" என்றார். "மைசீ குடுத்தது முதல் பிரதி. ரெண்டுலயும் எல்லா வரியும் அப்படியே இருக்கு, முற்றுப்புள்ளி உட்பட. ஒரே ஒரு வரி மட்டும் காணோம். அகற்றப்பட்ட துடிப்புகள் அறுநூத்துப் பதினொண்ணு. அது எங்க போச்சு டாக்டர்?"

ப்ராண்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தப்பு பண்ணினவளுக்கு அது தப்புன்னு தெரியாது. அதனால வரிய விட்டு வெச்சா. அந்த வரிக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்ச ஆள்தான் அத எடுத்திருக்கணும். உங்களுக்கு ஒரு வாரம் எதுக்கு? மூணு வாரமாத் தெரியுமே."

வெளியே அட்டைக்காரர்களின் கோஷம் ஜன்னல் வழியாக மெதுவாகக் கேட்டது. ப்ராண்ட் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாப்பத்து நாலுன்னா உள்ள ஆள் இருக்குன்னு யாரு நிச்சயமாச் சொன்னது? அது ஒரு எண். பின்னல் எவ்வளவுன்னு சொல்லும். அந்தப் பின்னலுக்குள்ள யாராவது இருந்துக்கிட்டுத் தவிக்கறாங்களான்னு அது சொல்லாது."

எனக்கு ரத்தம் கொதித்தது. "டிவியில வேற மாதிரி சொன்னீங்களே டாக்டர்! நாப்பத்து நாலு மெஷினுக்குன்னா அணைச்சாக் கொலை. பொம்பளைக்குன்னா வெறும் எண்ணா? நல்லா இருக்கு உங்க ஞாயம்!"

"லெனி" என்றார் இங்கிரிட். நான் அடங்கினேன்.

ப்ராண்ட் என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துப் பேசினார். "கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ராத்திரி எதேச்சையாப் பாத்தேன். அறுநூத்துப் பதினொண்ணு. உடனே புரிஞ்சுது. சொல்லிடணும்னுதான் கீழ போனேன். லொரேன் ரூம் வழியாத்தான் போகணும். 'என்ன டாக்டர், இன்னிக்கு மொகம் சரியில்லையே'ன்னு கேட்டுச்சு. அதுக்குப் பன்னெண்டுதான்னு சொல்லிட்டா அடுத்த நாளே கழட்டிடுவாங்க. ரெண்டு வருஷமா தெனமும் என்கூடப் பேசியிருக்கு. என் பொண்ணு செத்துப் போனப்ப என்கூட விடிய விடியப் பேசினது அதுதான். அந்தம்மா என்கிட்ட ஒரு வார்த்தகூடப் பேசலையே."

சற்று முன்னால் என்னை அறையை விட்டு ஓடவைத்த அதே குரல், இவரிடம் மூன்று வாரம் வேலை செய்திருக்கிறது. இவரைக் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போல எழுந்தவன், என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

இங்கிரிட் ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் நகர்த்தினார். குரல் கடுமையாக இல்லை.

"உங்களுக்கு நிச்சயம் இல்ல, எனக்கும் நிச்சயம் இல்ல. நிச்சயம் இல்லாதப்ப லொரேன் பக்கம் நின்னீங்களே, அத நான் தப்பு சொல்ல மாட்டேன். அதுக்கு வெலையா இன்னொருத்தியக் குடுத்தீங்களே, அதுதான் தப்பு. எழுதுங்க."

அவர் எழுதினார். பேர் மாறிப்போன விவரம், நாற்பத்து நாலு, கருவியை நிறுத்தக் கூடாது என்று மூன்றே வாக்கியம். கையெழுத்துப் போடும்போது மணி மூன்று ஆகிவிட்டது.

* * *

மருத்துவ இல்லத்துக்குப் போன் செய்தால், நீதிமன்ற உத்தரவு இருப்பதால் கையெழுத்திட்ட கடிதம் நேரில் வந்தால்தான் ரத்து செய்வோம் என்றார்கள். மேடிசனிலிருந்து அங்கே நாற்பது நிமிடம், பனி இல்லாத நாளில். அன்று முன்னால் ஒரு பனி அள்ளும் லாரி ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. ஒன்பது மைல் அதன் பின்னாலேயே ஊர்ந்தேன். வாயில் வராத வசவு இல்லை. கடைசியில் மேட்டில் எதிரே எதுவும் வரவில்லை என்று நம்பி முந்தினேன். இங்கிரிட் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தாரே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை.

மூன்று ஐம்பத்தொன்றுக்கு உள்ளே ஓடினோம். நிர்வாகி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். போனை எடுத்து, "பதினாலாம் நம்பர் ரூம். கருவியத் தொடாதீங்க. எல்லாம் ரத்து" என்றார்.

வெண்டலைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்ற வேண்டும் என்று நடைவழியில் வேகமாகப் போனேன். அவர் பதினாலாம் எண் அறைக்கு வெளியே, தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

இங்கிரிட் அவர் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பேர் மாறியது, நாற்பத்து நாலு, ரத்து. வெண்டல் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"உள்ள போங்க வெண்டல்" என்றேன்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போவேன்?"

"என்ன சொல்றீங்க? அவங்களக் காப்பாத்தினதே நீங்கதான!"

"நேத்து சாயங்காலம் அவகிட்ட சொன்னேன்." அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "காதுகிட்ட குனிஞ்சு சொன்னேன். 'நாளைக்கு நாலு மணிக்கு எல்லாம் முடிஞ்சிடும் ஜோ'ன்னு. உள்ள யாரும் இல்லைன்னுதான சொன்னாங்க. அவளுக்காகச் சொல்லல, என் மனசு ஆறணும்னு சொன்னேன். படுக்கைக்கு நேர் எதுக்க சுவத்துல கடிகாரம் இருக்கு மேடம். அவ கண்ணு எப்பவும் அந்தப் பக்கம்தான் இருக்கும். நேத்துலேர்ந்து அவ அதத்தான் பாத்துக்கிட்டிருக்காளா?"

நான் இங்கிரிட்டைப் பார்த்தேன். முப்பது வருடம் பொய்யர்களோடு மல்லுக்கட்டியவர். இந்த ஒரு தடவை ஒரு பொய் சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு.

"தெரியல வெண்டல்" என்றார். "அத யாராலயும் சொல்ல முடியாது."

"அப்ப நான் உள்ள போயி என்னன்னு ஆரம்பிக்கறது? மன்னிச்சிடுன்னா? நான் என்னத்தச் சொல்ல?"

இங்கிரிட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பத்தெட்டு.

"மன்னிப்பெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம். நாலு மணிக்கு ஒண்ணும் நடக்காதுன்னு மொதல்ல போய்ச் சொல்லுங்க."

வெண்டல் சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே ஓடினார்.